முடிக்கு மட்டும்தான் சொன்னேன்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகிற எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் கதை கட்டுகிறேன் என்று நீ திட்டினாயே, அது சரிதான். அன்றைக்கு அம்மா அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா அழுகிறாள் என்று நான் சொன்னதை நம்பி நீ ஃபோன் செய்தாய், அம்மா உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டு, உன் எண் வராதபடி செய்துவிட்டாள்.

ஆகவே கடிதம். பதிலை எங்கள் பள்ளி நூலக முகவரிக்கே எழுது. நூலகர் மேடத்திடம் கேட்டுவிட்டேன். "கடிதமா? இந்தக் காலத்துலயா?" என்று சிரித்தார்கள். ஆனால் ஜன்னலோர மேசையை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் நிலைமை இதுதான். அம்மா நாள் முழுவதும் தையல் மெஷினில் இருக்கிறாள். உன் பெயரை நான் எடுத்தால் மெஷினை வேகமாக மிதிக்கிறாள். நீ லீவுக்கு வந்தபோது உன் பின்னலைக் கையில் பிடித்து, "இதென்னடி, துடைப்பமா?" என்று கேட்டாளே, அதோடு விட்டிருக்கலாம். நீயும், "நீச்சல் குளத்துல வேலைன்னா இப்படித்தான், வெட்டிடப் போறேன்" என்று சிரிக்காமல் இருந்திருக்கலாம். "மொட்டையா வந்து இந்த வாசல்ல நிக்காத" என்று அவள் சொன்னது உன் வேலையை அல்ல, முடியை. பத்து வயதுவரை உனக்குத் தலைவாரிவிட்டவள் அவள்தானே. என் எலிவாலைப் பார்த்து அவளுக்கு ஒருநாளும் பெருமை வந்ததில்லை.

என் முடிவு: உன் முடி தேறினால் அம்மாவும் தேறுவாள். இதற்காக மூன்று புத்தகங்கள் படித்தேன். வேதியியல் சாரையும் கேட்டேன். கவனமாகப் படி.

உலர்ந்த முடி குளத்துத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடிக்கிறதாம். அதனால் இறங்குவதற்கு முன்பே நல்ல தண்ணீரில் தலையை ஊறும்படி நனைத்துவிட வேண்டும். வயிறு நிறைந்தவனிடம் இன்னொரு தட்டை நீட்டினால் எவ்வளவு சாப்பிடுவான்? அதே கணக்கு. பிறகு பாதி முடியிலிருந்து நுனிவரை தேங்காயெண்ணெய் தடவு. வழிய வழிய வேண்டாம், மினுமினுப்பாக இருந்தால் போதும். தளர்வாகப் பின்னி, அதன்மேல் ரப்பர் தொப்பி. வெளியே வந்ததும் அரட்டை அடிக்காமல் உடனே அலசு. காயவிட்டால் குளோரின் உள்ளேயே தங்கிவிடும். வாரம் ஒருமுறை, ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் கலந்து ஊற்று. ஈர முடியை முறுக்கிப் பிழியாதே, நீ துணி பிழிகிற மாதிரி பிழிவாய், எனக்குத் தெரியும்.

வெட்டிவிடாதே, அக்கா.

உன்,
புழு

•

ஜனவரி 17

புழு,

பரீட்சைக்குப் படி என்றால் என் தலையைப் படித்துக்கொண்டிருக்கிறாய். புத்தகப்புழு என்று சரியாகத்தான் பெயர் வைத்தேன்.

கத்தரிக்கோலை எடுத்தது உண்மை. உன் கடிதம் வந்ததால் மேசையில் திரும்ப வைத்தேன். ஒரு மாதம் செய்து பார்க்கிறேன். அம்மாவுக்காக இல்லை. நீ மூன்று புத்தகம் படித்ததற்காக.

இங்கே எனக்கு ஒரு அறை, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் குளத்தின் பின்பக்கம், பம்ப் ஓடுகிற கொட்டகை. அதைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லாரும் பம்ப் அண்ணன் என்போம். காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். சாயங்காலம் உயரமான நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கிறேன். அவ்வளவுதான் என் வேலை, தண்ணீரைப் பார்ப்பது. கேட்கச் சுலபம். கண்ணை எடுக்காமல் அரை மணி நேரம் ஒரு வாளியைப் பார்த்துக்கொண்டிரு, அப்போது தெரியும்.

என் வகுப்பில் ஒருத்தி இருக்கிறாள், ஏழு வயது. குச்சி உடம்பு, பெரிய தலை. குதித்தால் தண்ணீர் தெறிக்காமல் நேராக இறங்குவாள். அதனால் குண்டூசி என்று கூப்பிடுகிறோம். அவள் அம்மா பஸ் கண்டக்டர். வேலைக்குப் போகிற வழியில் விட்டுவிட்டுப் போவார். முந்தாநாள் வந்து, "டீச்சர், இவ முடி நார் நாராப் போகுது. இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்" என்றார். குண்டூசி என் காலைக் கட்டிக்கொண்டு ஒரே அழுகை. "இருங்கக்கா, எங்க வீட்டுல ஒரு விஞ்ஞானி இருக்கா. அவ வைத்தியம் ஒண்ணு சொல்லியிருக்கா, பார்ப்போம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆக உனக்கு நோயாளிகள் இரண்டு பேர்.

அக்கா

•

ஜனவரி 30

அன்புள்ள அக்கா,

குண்டூசிக்கும் அதே முறைதான். ஆனால் குழந்தைகளின் தொப்பி இறுக்கமாக இருக்கக் கூடாது, நெற்றியில் கோடு விழும். எண்ணெய் கொஞ்சமாக, இல்லாவிட்டால் கண்ணில் இறங்கும்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருகிறது. மற்றவர்கள் எல்லாரும் எரிமலை செய்கிறார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் நான்கு எரிமலை. நான் "நீச்சல் குளமும் தலைமுடியும்" என்று ஒரு பெரிய அட்டை எழுதப்போகிறேன். நீதான் என் சான்று. ஆகையால் முடி எப்படி இருக்கிறது என்று மழுப்பாமல் எழுது. தேறவில்லை என்றாலும் அப்படியே எழுது. விஞ்ஞானத்தில் தோல்வியும் ஒரு முடிவுதான் என்று சார் சொன்னார்.

அம்மாவிடம் நேற்று, "ஒரு பொண்ணு முடிக்குத் தேங்காயெண்ணெய் தடவிட்டு நீந்தறா" என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "எந்தப் பொண்ணு?" என்றாள். "ஒரு பொண்ணு" என்றேன். மெஷினை நிறுத்தி நூல் கோத்தாள். நூல் அறுந்திருக்கவில்லை, நான் பார்த்தேன். "நுனிக்குத் தடவச் சொல்லு. உச்சியில ஊத்தினா வழிஞ்சு வீணாப் போகும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். கூட்டவில்லை.

உன்,
புழு

•

பிப்ரவரி 12

விஞ்ஞானி அம்மாவுக்கு,

வெற்றி! அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள். பத்துப் பன்னிரண்டு நாட்களாகச் சீப்பில் முடியே வருவதில்லை. தொட்டால் சொரசொரப்பு இல்லை. குளித்துவிட்டு வந்தால் தலையில் அந்த மருந்து வாசனைகூட இல்லை. முன்பெல்லாம் படுக்கும்போது தலையணை முழுக்கக் குளம் மணக்கும். இப்போது நீச்சல் உடையிலும் மணப்பதில்லை. கண்ணும் எரிவதில்லை. முன்பு சாயங்காலம் ஆனால் முயல் மாதிரி சிவந்துவிடும்.

குண்டூசியின் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்பொண்ணு முடியைக் காப்பாத்திட்டீங்க டீச்சர்" என்றார். அடுத்த மூன்று மாதத்துக்கும் சேர்த்துப் பெயர் எழுதிவிட்டார். தினமும் வகுப்புக்கு முன்னால் நான்தான் அவளுக்கு நனைத்து, எண்ணெய் வைத்து, பின்னிவிடுகிறேன். பின்னும்போது வாய் ஓயாது. "டீச்சர், மீனுக்கு முடி இருந்தா அதுவும் எண்ணெய் தேய்க்குமா?" இதற்கு நீயே பதில் சொல்லு.

பள்ளிகளுக்கிடையிலான போட்டி எங்கள் குளத்தில்தான் நடக்கப்போகிறது. ஒரே கூட்டம். தண்ணீர் கொஞ்சம் பால் நிறமாக இருக்கிறது. வெயில் சாய்கிறபோது அது ஒரு அழகுதான்.

அடுத்த லீவுக்கு வருகிறேன். முதலில் முதுகைக் காட்டி நிற்கிறேன். அம்மா பின்னலைப் பார்க்கட்டும். பிறகு முகத்தைப் பார்ப்பதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

அக்கா

•

பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் பார்த்ததும் நூலகத்தில் கத்திவிட்டேன். நூலகர் மேடம் முறைத்தார்கள். அட்டைக்கு முதல் பரிசு கிடைத்தது. "சான்று: என் அக்கா" என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தேன்.

அன்று சாயங்காலம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். அப்போது ஒரு சந்தேகம் வந்தது.

முடிக்கு எண்ணெய் சொன்னேன், சரி. தொப்பி சொன்னேன், சரி. ஆனால் கண்ணுக்கு நான் எதுவுமே சொல்லவில்லையே அக்கா. கண் ஏன் எரியாமல் போனது? நீச்சல் உடைக்கு யார் எண்ணெய் தடவினார்கள்? முடி, கண், துணி எல்லாம் ஒரே சமயத்தில் தேறியிருக்கிறது என்றால், மாறியது முடி இல்லை. தண்ணீர்.

சாரிடம் போனேன். முதலில் சிரித்துக்கொண்டே, "நல்லாப் பராமரிக்கிற குளத்துல கண் எரியாதும்மா. அது நல்ல விஷயம்தான்" என்றார். பிறகு உன் பால் நிறத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "தெளிவா இருந்தா பயமில்லை. கலங்கியிருந்தா மருந்தே விழலைன்னு அர்த்தம். அடித்தரை கண்ணுக்குத் தெரியாத தண்ணியில ஒரு பிள்ளையையும் இறக்கக் கூடாது" என்றார்.

என் வைத்தியம் பலித்ததா இல்லையா என்பது இப்போது எனக்கு முக்கியம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் அடித்தரையில் இருக்கிற கறுப்புக் கோடு உனக்குத் தெரிகிறதா? அதை மட்டும் எழுது.

மீனுக்கு முடி இருந்தால் எண்ணெய் தேய்க்காது, செதிலே வழுவழுப்பாகத்தான் இருக்கிறது என்று குண்டூசியிடம் சொல்.

உன்,
புழு

•

பிப்ரவரி 21

புழு,

நீ கேட்டதால் பம்ப் அண்ணனைக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மருந்து கலக்கிற மெஷின் நின்று மூன்று வாரம் ஆகிறதாம். மூட்டையில் இருந்ததைக் கையால் தூவிக்கொண்டிருந்தாராம். அதுவும் தீர்ந்துவிட்டது. "மேனேஜர்கிட்ட சொன்னேம்மா. போட்டி முடியட்டும், மூடி வச்சு சரி பண்ணலாம்னுட்டாரு. நான் என்ன பண்ண?" என்று கையை விரித்தார்.

மேனேஜரிடமும் போனேன். நீ நினைக்கிற மாதிரி நான் ஒன்றும் கோழை இல்லை. அவர் டீ குடித்துக்கொண்டே, "உனக்கு முடி நல்லாயிருக்குல்ல? கண்ணு எரியலைல்ல? பிள்ளைங்க யாராவது அழுதாங்களா? அப்புறம் என்ன? போட்டி நேரத்துல குளத்தை மூடினா உன்னையும் சேர்த்துதான் மூடணும்" என்றார்.

கோடு தெரிகிறதா என்று கேட்டாய். காலையில் தெரிகிறது. மத்தியானம் மங்கல். சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் இறங்கிக் கலக்கினபிறகு அரிசி கழுவின தண்ணீர்.

இப்போது நீ சொல்லு. நாற்காலியை விட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரட்டுமா? "வந்துட்டியா? நான்தான் சொன்னேனே" என்று அம்மா சொல்வாளே, அதை நீ கேட்டுக்கொள்வாயா? போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நான் ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்கிறேன். இதையெல்லாம் இனி கடிதத்தில் எழுதாதே. பாடத்தைப் படி.

•

பிப்ரவரி 24

அக்கா,

நீ கடிதத்தில் பெயர்கூடப் போடவில்லை. கோபமாக இருக்கிறாய் என்று தெரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரி ஒரு வாளியைப் பார்த்தேன். அதில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி, அம்மாவின் பொத்தான் ஒன்றைப் போட்டேன். கண்ணை எடுக்காமல்தான் பார்த்தேன். பொத்தான் தெரியவில்லை. நான் தூங்கவில்லை, வேறு பக்கம் திரும்பவில்லை, மிகவும் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். பொத்தான் தெரியவில்லை.

ஜாக்கிரதை போதாது அக்கா. இறங்கிவிடு. அம்மா சொல்வதை நான் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நாள் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

புழு

•

மார்ச் 2

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. பிறகு படிக்கலாம் என்று லாக்கரில் வைத்துவிட்டு நாற்காலியில் ஏறினேன்.

போட்டிக்கு முந்தைய பயிற்சி. எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், என் காலை வகுப்புப் பிள்ளைகளும் சேர்ந்து. எல்லாரும் வெளியே வந்து துண்டு போர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒரு துண்டு மட்டும் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் துண்டு. அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

குதித்தேன். கையால் துழாவித்தான் தேட வேண்டியிருந்தது. என் நாற்காலிக்கு நேர் கீழேதான் இருந்தாள் புழு. நான் காலைத் தொங்கப்போட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே.

டாக்டர் வந்தார். ரொம்ப நேரம் ஆகிவிட்டது என்றார். தொப்பியைக் கழற்றினார்கள். நான் காலையில் போட்ட பின்னல் அப்படியே இருந்தது. எண்ணெய் மினுமினுப்புக்கூடப் போகவில்லை. ஒரு முடி கலையவில்லை.

அவள் அம்மா யூனிஃபார்மோடு ஓடிவந்தார். தோளில் டிக்கெட் பை. நர்ஸ் பின்னலை அவிழ்க்கப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "அவுக்காதீங்க. டீச்சர் போட்டது" என்றார்.

அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைப் படித்தேன்.

•

மார்ச் 9

புழு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுத ஒன்றும் இருக்காதுதான்.

அன்று இரவோடு இரவாகக் குளத்தைக் காலிசெய்து புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டார்கள். அதிகாரி வந்து பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. கறுப்புக் கோடு மட்டுமில்லை, தரை ஓட்டில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. "இவ்வளவு தெளிவான தண்ணியில எப்படிம்மா தெரியாமப் போச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பம்ப் அண்ணனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மேனேஜர் என் அறைக்கே வந்தார். முதல் முறையாக உட்காராமல் நின்றுகொண்டு பேசினார். "ஒரு நிமிஷம் தலை சுத்துச்சு, கண்ணு இருட்டுச்சுன்னு சொல்லிடும்மா. மனுஷ உடம்புதானே. யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. நானே வேற இடத்துல வேலை பார்த்துத் தர்றேன். தண்ணியைப் பத்திப் பேசினேன்னு வை, 'தெரிஞ்சே ஏன் உக்காந்தே?'ன்னு முதல் கேள்வி உனக்குத்தான் வரும்."

அவர் சொன்னதில் கடைசி வரி உண்மை. அதுதான் என்னைக் கொல்கிறது.

பதினெட்டாம் தேதி விசாரணை. முடியை வெட்டிவிட்டேன். உன் மேல் கோபத்தில் இல்லை. வாரும்போதெல்லாம் கை அவள் பின்னலுக்குப் போகிறது.

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்றவள் நீதானே. நான் என்ன சொல்லட்டும்?

அக்கா

•

மார்ச் 14

அன்புள்ள அக்கா,

பதில் எழுதாமல் இல்லை. முந்தின கடிதத்துக்கு எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன், இதற்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இரண்டிலும் "தலை சுற்றியது என்று சொல்லிவிடு" என்று எழுதியிருந்தேன். எனக்கு நீ வீட்டுக்கு வர வேண்டும். நீ இல்லாமல் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இதுவும் உண்மைதான், அதனால் எழுதுகிறேன்.

என் அட்டை இன்னும் பள்ளி வராந்தாவில் தொங்குகிறது. பரிசு ரிப்பனும் தொங்குகிறது. இன்று சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். "சான்று: என் அக்கா" என்பதை அடித்துவிட்டு, "இது நிரூபிக்கப்படவில்லை. அந்தக் குளத்தில் குளோரின் இல்லை" என்று எழுதினேன். எரிமலைக்காரி ஒருத்தி, "பைத்தியமாடி உனக்கு? பரிசைத் திருப்பி வாங்கிடப் போறாங்க" என்றாள். வாங்கிக்கொள்ளட்டும்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வரிசையாக, உன் கடிதங்களை எடுத்துவைத்து வாசித்தே காட்டினேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மஞ்சள் துண்டு வந்த இடத்தில் நின்றது. "அவுக்காதீங்க" என்று அந்த அம்மா சொன்னதை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

பிறகு, "அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட யார் என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள்.

"தண்ணி தெளிவா இருந்துச்சுன்னு."

"அப்போ அவ, கண்ணு முன்னாடி எம்பொண்ணு போச்சே, ஒருத்தி பார்த்துட்டே இருந்தாளேன்னு நெனைச்சிட்டு இருப்பா. இல்ல, தன் பொண்ணுதான் ஏதோ தப்பு பண்ணிட்டான்னு நெனைப்பா. ரெண்டும் இல்லைன்னு அவளுக்கு யார் சொல்றது?"

நான் கடிதங்களை மடித்து அடுக்கினேன்.

"நான் அவளா இருந்தா எனக்குத் தெரியணும்" என்றாள் அம்மா. "உங்கக்காவைச் சொல்லச் சொல்லு. தண்ணி கலங்கியிருந்துச்சு, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் உக்காந்தேன்னு. கடைசி வார்த்தையை விழுங்காம சொல்லச் சொல்லு."

"அக்காவைப் பிடிச்சு வச்சுட்டா?"

"வைக்கட்டும். முடிஞ்சு எப்ப வர்றாளோ அப்ப வரட்டும்."

"அக்கா முடியை வெட்டிருச்சும்மா."

அம்மா கையில் இருந்த துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள். "அன்னைக்கு வாசலைப் பத்தி நான் சொன்னதை அவகிட்ட எடுத்துச் சொல்லாத" என்றாள். அதை உனக்கு எழுத வேண்டாம் என்பதுதான் அர்த்தமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அம்மா உன்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. பதினேழாம் தேதி பஸ்ஸுக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒன்றுதான். உன்னிடம் வருகிறாளா, அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறாளா என்று கேட்டேன். "ரெண்டு வீட்டுக்கும்தான்" என்றாள். பையில் மாற்றுப் புடவை வைத்தாள். சீப்பை எடுத்து, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, அலமாரியில் திரும்ப வைத்துவிட்டாள்.

என் பதிலும் அதுதான் அக்கா. சொல்லிவிடு. எனக்கு இதை எழுதப் பிடிக்கவில்லை. எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

பள்ளி முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நூலகர் மேடம் சாவிக்கொத்தோடு கதவருகில் நிற்கிறார்கள். "எழுதி முடிம்மா, அவசரமில்லை" என்று சொல்லிக்கொண்டே விளக்குகளை ஒவ்வொரு வரிசையாக அணைத்துக்கொண்டு வருகிறார்கள். இதை என் மேசை விளக்கில் எழுதுகிறேன்.

உன்,
புழு

என் மேசை விளக்கையும் இப்போது அணைத்துவிட்டார்கள், இந்த வரி ஜன்னல் வெளிச்சத்தில்.